ஆளுக்கொரு ஜோடி

செருப்பு விஷயத்தில் என்னை ஏமாற்ற ஆரணி கடைத்தெருவில் ஆள் கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. கையில் எடுத்ததும் அடிப்பாகத்தை வளைத்துப் பார்ப்பேன். வளைந்த இடத்தில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் கீழே வைத்துவிடுவேன். வார் அடிப்பாகத்துக்குள் இறங்கித் தைத்திருக்கிறதா, மேலோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுவேன். ஓரத்தை நகத்தால் அழுத்துவேன், மோந்தும் பார்ப்பேன். பொறுக்கமாட்டாமல் ஒரு கடைக்காரர், "இன்னாம்மா, வெண்டக்கா வாங்கற மாதிரி ஒடிச்சிப் பாக்கறீங்க" என்று கேட்டார். "முத்தலா இருந்தா நாளைக்கு நான்தானே வேக வெக்கணும்" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் வாய் கொடுப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் செருப்பைப் பார்த்ததும் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். உழைக்குமா என்றுதான் கேட்பார்கள். கொடுத்த காசுக்கு உழைத்தால் அது நல்ல செருப்பு, வாங்கியவர் புத்திசாலி. அந்தக் கணக்கில் நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து வாங்கிய செருப்புக்கு ஈடாக இந்த ஊரில் எவரும் வாங்கியிருக்க முடியாது. அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணனின் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்கொரு பட்டுத்தறி, ஒரே கூரை, ஒரே அடுப்பு. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் ஏமாற்றம்தான். அவளுக்குக் கோபம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், எனக்குக் கோபம் வந்தால் அவள் எழுந்து போய் காப்பி போடுவாள். எனக்குத்தான் அடிக்கடி கோபம் வரும் என்பதால் வீட்டில் காப்பித்தூள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுத்தால்தான் தறி ஓடும். அதைத் தார் சுற்றுவது என்போம். இரண்டு தறிக்கும் தார் சுற்ற வீட்டில் ஒருத்தியாவது இருந்தாக வேண்டும். ஆகவே அக்கா வெளியே போனால் நான் வீட்டில், நான் போனால் அக்கா வீட்டில். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே அமைந்துவிட்டது.

ஒரு ஆடி மாதம், கோயில் வாசலில் என் செருப்பு காணாமல் போனது. கோயிலில் செருப்பு போனால் பீடை போச்சு என்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். அந்த வாரமே அக்காவின் செருப்பிலும் வார் அறுந்தது. ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டாள். வீட்டில் புழக்கடைக்குப் போக ரப்பர் செருப்பு இருந்ததுதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் தலைகாட்டுவது எங்கள் இருவருக்கும் சாவுக்குச் சமம். ஆளுக்கொரு சாதாச் செருப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆண்கள் பணம் கொடுத்தார்கள். அக்காவின் ஊக்குக் குத்திய செருப்பை மாட்டிக்கொண்டு நான் முதலில் போனேன்.

சாதாச் செருப்பில் எதை எடுத்து வளைத்தாலும் மனசு ஒப்பவில்லை. கடைசியில் மேல் தட்டில் ஒரு ஜோடி கண்ணில் பட்டது. காபிக்கொட்டை நிறத்தில் கெட்டித் தோல், கட்டைவிரலுக்கு வளையம், பின்னால் பக்கிள் வைத்த வார், சுற்றிலும் தையல். வளைத்தேன், வில் மாதிரி திரும்பி நின்றது. விலையைக் கேட்டால் எங்கள் இரண்டு ஜோடிக்கான பணமும் அந்த ஒன்றுக்கே சரியாகப் போய்விடும் போலிருந்தது. பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அக்கா காலில் போட்டாள். கழற்றினாள். என்னைப் போடச் சொன்னாள். இரண்டு காலும் ஒரே அச்சு. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, நாம ரெண்டு பேரும் என்னிக்காவது ஒண்ணா வெளிய போனது உண்டா?"

"இல்ல."

"அப்றம் எதுக்கு ரெண்டு ஜோடி? ஒண்ணு எப்பவும் வாசல்ல சும்மாதானே கெடக்கும்? இதையே வெச்சுக்கலாம். இது அறுந்தா ஆளுக்கொண்ணு வாங்கிக்கலாம்."

எவ்வளவு சரியான பேச்சு! விடை வராத கணக்கு ஒன்றைத் தீர்த்துவிட்ட மாதிரி எனக்குப் பூரிப்பாக இருந்தது. ஊருக்கெல்லாம் தோன்றாத யோசனை எங்களுக்குத் தோன்றியதே என்று இருவரும் சிரித்துக்கொண்டோம். ஊக்கு குத்திய செருப்பு அன்றே குப்பைக்குப் போனது. பக்கிளில் அவளுக்கு ஒரு ஓட்டை, எனக்கு அடுத்த ஓட்டை. வெளியே போய் வந்ததும் அடுத்தவள் ஓட்டைக்கு மாற்றிப் போட்டுத்தான் அக்கா வாசலில் விடுவாள். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது. கல்யாணத்துக்கு அவள் போனால் வளைகாப்புக்கு நான் போவேன். ஒரே விசேஷத்தில் எங்களைச் சேர்த்துப் பார்த்தவர் இல்லை. வந்தவாசியில் ஒரு நிச்சயதார்த்தத்தில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "உனுக்கும் உங்க அக்காளுக்கும் பேச்சுவார்த்தை இல்லியாமே? நெசந்தானா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஆமாங்க, செருப்பால அடிச்சிகினோம்னு சொல்லிட்டு வர்றதுதானே" என்றாள்.

செருப்பு உழைத்தது. உழைத்தது என்றால் அப்படி ஒரு உழைப்பு. அக்கா வெளி ஓரமாகச் சாய்த்து நடப்பாள், நான் குதிகாலைத் தேய்த்து நடப்பேன். இரண்டு பேர் நடையும் சேர்ந்து அடிப்பாகம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்தது. ஒருத்தியே போட்டிருந்தால் என்றோ கோணிப் போயிருக்கும். அதிலும் எங்களுக்குப் பெருமைதான்.

அக்காவின் ஊர் வந்தவாசிப் பக்கம். அக்கம்பக்கத்தில் சமணக் குடும்பங்கள் நிறைய. அவர்கள் கும்பிடப் போகும் திருமலைக் கோயிலைப் பற்றி, அங்கே மலையில் செதுக்கியிருக்கும் பெரிய சிலையைப் பற்றிச் சின்ன வயதில் தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறாள். ஒரு முறையும் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. "நாம ரெண்டு பேரும் ஒரு நாள் போய்ட்டு வரணும்டி. புளிசாதம் கட்டிகினு காத்தால கெளம்பினா சாயங்காலம் வந்துடலாம்" என்பாள். ஆண்களைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டாள். அவர்கள் வந்தால் பஸ்ஸில் ஏறியதிலிருந்து எப்போது திரும்புவது என்று கேட்டுக்கொண்டே வருவார்களாம்.

"போலாம்க்கா. செருப்பு?" என்பேன்.

"அதான் பேஜார். இது அறுவட்டும்."

இப்படித்தான் அந்தப் பயணம் செருப்போடு சேர்ந்துகொண்டது. செருப்பு அறுந்தால் ஆளுக்கொன்று வாங்குவோம், வாங்கிய கையோடு திருமலைக்குப் போவோம். முதலில் விளையாட்டாகச் சொன்னதுதான். சொல்லிச் சொல்லி அதுவே எங்கள் ஏற்பாடாகிவிட்டது.

தார் சுற்றுவதற்குச் சின்ன மோட்டார் வந்தது. முன்பெல்லாம் ஒரு நாள் எடுக்கிற வேலை சமையலுக்கு நடுவிலேயே முடிந்தது. வீட்டில் ஒருத்தி இருந்தே தீர வேண்டும் என்பதும் போனது. அக்காவின் மகன் படித்து முடித்து செய்யாறு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். சம்பளம் வாங்கியதும் போனை எடுத்துக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தான். "அம்மா, சித்தி, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. ஆர்டர் போட்டா ஊட்டுக்கே வந்துடும்." படம் படமாகத் தள்ளிக் காட்டினான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இது இன்னும் கல்லு மாதிரி கீதேடா" என்றாள் அவள்.

"போன்ல எப்டி வளைச்சிப் பாக்கறது?" என்றேன் நான்.

தலையில் அடித்துக்கொண்டு அவன் எழுந்து போனான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவர்களிடம் அவன் என்ன பேச முடியும்? நல்ல பொருள் காலில் இருக்கும்போது இன்னொன்று வாங்குவது எங்கள் கண்ணுக்குத் தண்டச்செலவு. பணம் இல்லாத காலத்தில் வந்த புத்தி, பணம் வந்த பிறகும் போகவில்லை.

ஆனால் திருமலைக்குப் போகிற ஆசை இல்லாமல் இல்லை. செருப்பை அறுக்க அக்கா என்னென்னவோ செய்து பார்த்தாள். மழையில் வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போனாள். காய்ந்ததும் கொஞ்சம் நிறம் மங்கியதே தவிர ஒரு தையல் விடவில்லை. கோயிலுக்குப் போகும்போது கூட்டத்துக்கு நடுவில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி விட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தால் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. "நம்ம பீடை அவ்ளோ சுலுவா போவாதுடி" என்று சொல்லிக்கொண்டே அதைக் கழற்றி வீட்டு வாசலில் விட்டாள். ஒரு நாள் நிஜமாகவே அடிப்பாகம் முன்பக்கம் வாயைப் பிளந்தது. அக்கா சந்தோஷமாக அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் போனாள். இனி உதவாது என்று அவர் வாயால் கேட்டுவிட்டால் மனசாட்சி உறுத்தாது என்பது அவள் கணக்கு. வெயிலில் வியர்த்துப் போய்த் திரும்பி வந்தாள். காலில் செருப்பு.

"இன்னாக்கா?"

"பாவி, சரி பண்ணிக் குடுத்துட்டான். இப்பல்லாம் இந்த மாதிரி சாமான் வராதாம். பத்திரமா வெச்சிக்கச் சொன்னான்."

அன்றைக்காவது நான் அதைப் பிடுங்கிக் குப்பையில் வீசியிருக்கலாம். எனக்கு வருகிற கோபத்துக்கு எத்தனையோ பாத்திரம் நசுங்கியிருக்கிறது. அந்தக் கோபம் அன்று பார்த்து வரவில்லை. நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். போதாக்குறைக்கு, "யாரு செலக்‌ஷன்?" என்று வேறு கேட்டேன்.

போன வருஷம், வெயில் ஏறிய ஒரு முன்பகலில் நான் வங்கிக்குப் போயிருந்தேன். செருப்பு என் காலில் இருந்தது. வரிசை நகரவே இல்லை. வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து, அக்காவுக்கு நெஞ்சு வலி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள், உள்ளூரில் பார்த்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்றாள். "வாசல்ல நின்னு செருப்பத் தேடினாங்க. அப்றம் வெறுங்காலோடவே ஏறிட்டாங்க" என்று சேர்த்துச் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்கு மட்டும் அது நெஞ்சில் போய் நின்றது. புழக்கடைச் செருப்பு அங்கேதான் கிடந்தது. அந்த வலியிலும் அதைப் போட்டுக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

பஸ்ஸில் வேலூர் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். முகம் தெளிந்திருந்தது. ஆண்கள் டீ குடிக்கப் போனதும் என் காலைப் பார்த்தாள்.

"போட்டுகினு வந்தியா?"

"உம்."

"குடு இப்டி. வெறுங்கால்ல பாத்ரூமுக்குப் போவ ஒரு மாதிரி கீது."

கழற்றிக் கொடுத்தேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் செருப்போடும் நான் வெறுங்காலோடும் அந்த நீளத் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தோம். பாதி வழியில் நின்றாள். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வழியா ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய வந்துட்டோம் பாத்தியாடி."

"ஊட்டுக்குப் போறப்ப கடைத்தெருவுல எறங்கி ஆளுக்கொண்ணு வாங்கிக்கலாம்க்கா. இது உழைச்சா உழைச்சிகினு போவுது" என்றேன்.

"சரி. ஆனா ஜல்தியில எதையாவது எடுத்துடாத. நல்லா வளைச்சிப் பாத்து வாங்கு" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் வலி மறுபடி வந்தது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் செருப்பு இருந்தது. எல்லாம் முடிந்து அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் குனிந்து அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது எவ்வளவு நிஜம். துக்கம் கேட்க வந்தவர்களில் அக்காவின் சின்ன வயதுத் தோழி ஒருத்தி, திருமலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அங்கே செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் மேலே போக வேண்டும் என்று சொன்னாள். எந்தக் கோயிலிலும் அப்படித்தானே? இத்தனை வருஷத்தில் அது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. பஸ் ஏறுவதற்கும் இறங்கி நடப்பதற்கும் மட்டும் ஒரு ஜோடி குறைந்தது. அதற்கு ஒருத்தி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் யார் தலை போயிருக்கும்? இப்படி யோசித்து யோசித்து அன்றிரவு எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

காரியத்துக்கு முந்தின நாள் புரோகிதர் தேவையான சாமான்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். தானம் கொடுக்கப் புடவை, குடை, விசிறி, சொம்பு, ஒரு ஜோடி செருப்பு. போகிற வழி முள்ளும் சூடுமாக இருக்குமாம், செத்தவர்களுக்குக் காலுக்கு வேண்டுமாம். "செருப்பு பேருக்குத்தாங்க. ரப்பர் செருப்பு ஒண்ணு வாங்கினா போதும்" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே வந்துவிட்டேன். "எங்கக்கா ரப்பர் செருப்போட எதிர்க் கடைக்குக் கூடப் போனதில்லீங்க" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. புரோகிதர், "உங்க இஷ்டங்க" என்று அடுத்த சாமானுக்குப் போனார். அக்காவின் கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீயே போய் வாங்கிகினு வாம்மா. உனுக்குத்தான் பாக்கத் தெரியும்" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அப்போதுதான்.

கடையில் பழைய ஆள் இல்லை, ஒரு நடுத்தர வயதுக்காரர் இருந்தார். லேடீஸ் தோல் செருப்பு, இருப்பதிலேயே நன்றாக உழைப்பது வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். எங்க அக்காவுக்கு என்றேன்.

"அவங்களையும் இட்டுகினு வந்திருந்தா அளவு பாத்துக்கலாமேங்க."

"என் அளவுதான்."

ஏழெட்டு ஜோடி எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக வளைத்தேன். வாரைத் தடவினேன். ஓரத்தை அழுத்தினேன். தூரம் எவ்வளவு என்று தெரியாத வழிக்குச் செருப்பு எடுக்கிறேன், எது தாங்கும் என்று எப்படிச் சொல்வது? கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கடைசியில் ஒன்று வளைந்து, திரும்பி நேராக நின்றது. போட்டு நடந்து பாருங்கள் என்றார். என் காலில் இருந்ததைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வரைக்கும் நடந்தேன். எங்கேயும் உறுத்தவில்லை. அக்காவுக்குப் பொருத்தமாக இருக்கும். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டென்று திரும்பிவிட்டேன்.

டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பழையதை மாட்டிக்கொண்டு, புதியதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இறங்கினேன். நாங்கள் சேர்ந்து கிளம்ப முடியாததற்கு இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த காரணம் அந்த நிமிஷத்தில் தீர்ந்து போயிருந்தது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. நான் தனியாக வீட்டுக்கு நடந்தேன்.